நான்காம் கூண்டின் மூச்சு

ஸ்கார்வோய்
ஜூன் 14

சிந்த்ரே,

'அன்புள்ள தம்பி' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே தெரியும். வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தால் அலமாரியில் இருந்த கோடு போட்ட தாள் இதுதான் கடைசி. அடித்தது அடித்தபடியே வருகிறது.

உன்னோடு பேசி பத்து மாதமாகிறது. இப்போதும் பேசுவதற்காக எழுதவில்லை. ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் வேண்டும். ஃபோனில் கேட்டிருக்கலாம், உன் குரலைக் கேட்டதும் என் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும். மின்னஞ்சலை நிறுவனத்தில் நாலு பேர் படிக்கிறார்கள். தபால் படகு திங்கள், புதன், வெள்ளி வருகிறது. நமக்கு அது போதும்.

கூண்டு மீன்களுக்குக் கடற்பேன் வந்துவிட்டது. போன மாதம் பத்து மீனுக்கு ஒரு பெண் பேன் இருந்தது, இந்த வாரம் ஐந்து மீனுக்கு இரண்டு. இரண்டு மீனுக்கு ஒன்று என்று ஆகிவிட்டால் பேனை உடனே ஒழிக்கச் சட்டம் சொல்லும் என்று உனக்குத் தெரியும். மருந்து எதற்கும் பேன் இப்போது அசைவதில்லை. வெந்நீர்ப் படகை வரவழைத்து மீன்களை வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுக்கலாம் என்றால், நான்காம் கூண்டு மீன்களுக்குச் செவுளில் நோய். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "இதுங்களை வெந்நீர்ல போட்டா பேனுக்கு முன்னாடி மீன் செத்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போன செப்டம்பரில் மிஞ்சியதையெல்லாம் வெட்டுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நவம்பரில் விட்ட புதுக் குஞ்சுகள் இவை. ஒரு லட்சத்து முப்பதாயிரம்.

எனவே மறுபடியும் பாவாடைதான். வேறு வழியில்லை. கூண்டைச் சுற்றித் தார்ப்பாயைக் கட்டி, மேல் தண்ணீரில் மிதந்து வரும் பேன் குஞ்சுகளைத் தடுக்க வேண்டும். போன வருடம் ஆறு மீட்டர் ஆழத்துக்குக் கட்டினோம். இந்த வருடம் எத்தனை மீட்டர்? இதுதான் கேள்வி. எண்ணை மட்டும் எழுது.

யோருன்



டிரொன்ட்ஹைம்
ஜூன் 19

அக்கா,

பத்து மீட்டர்.

பேன் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி மேலே வருபவை. பெரும்பாலும் மேல் ஐந்து மீட்டரில்தான் இருக்கும், அலை கலக்கினால் இன்னும் கொஞ்சம் கீழே. ஆறு மீட்டர் போதவில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் பத்து மீட்டர் என்றால் உள்ளே அடைபடும் தண்ணீர் அதிகம். நீரோட்டம் குறுக்கே புகுந்து போகாது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் மீனும் அந்தத் தண்ணீரைத்தான் மூச்சாக்கும்.

ஆகவே ஆக்சிஜன் மானிகள் ஐந்து வேண்டும். நடுவில் மூன்று, ஆறு, ஒன்பது மீட்டர் ஆழங்களில் ஒவ்வொன்று. ஓரத்தில், பாவாடைக்கு உள்பக்கம், ஒன்று. வெளியே ஒன்று, ஒப்பிடுவதற்காக மட்டும். எண்பது சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது. அறுபதுக்கு வந்தால் தீனியை நிறுத்து. செரிப்பதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் யாரையும் கேட்காதே, பாவாடையைத் தூக்கிவிடு.

மானிகளை நானே சரிபார்த்து இதோடு அனுப்புகிறேன்.

சிந்த்ரே



ஸ்கார்வோய்
ஜூன் 28

சிந்த்ரே,

பெட்டி வந்தது. ஐந்து மானிகளும் நன்றாக இருக்கின்றன. நடுவில் ஒளித்து வைத்திருந்த சாக்லேட்டை என்னோடு கூண்டில் வேலை செய்யும் ரிமாஸ் தின்றுவிட்டான். "வாத்தியார் லஞ்சம் குடுக்குறாரு, வேணாம்னா எங்கிட்ட குடு" என்றான். கொடுத்துவிட்டேன்.

பாவாடை கட்டியாயிற்று. நூற்றறுபது மீட்டர் சுற்றளவு, பத்து மீட்டர் இறக்கம். ஆறு பேர் இரண்டு நாள். காற்று ஒருமுறை தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து படகையே இழுத்தது. ரிமாஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "லிதுவேனியாவில எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்தாலும் இவ்ளோ பெரிய பாவாடை தைக்க மாட்டாங்க" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ரொம்பத் தெளிவாக இருக்கிறது. 'யாரையும் கேட்காதே' என்று எழுதியிருக்கிறாய். போன ஆகஸ்டில் நான் உன்னைக் கேட்டேன் அல்லவா? மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "தூக்கட்டுமாடா?" என்று கேட்டேன். நீ கணினியைப் பார்த்துக்கொண்டே, "பொறு அக்கா, மானி எழுபத்தெட்டு காட்டுது" என்றாய். எழுபத்தெட்டு! மானி பாவாடைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே கடல் நன்றாகத்தான் மூச்சு விட்டது. உள்ளே நாற்பத்தோராயிரம் மீன் செத்தது.

தப்பு யாருக்கும் வரும். மானியைத் தப்பான இடத்தில் தொங்கவிட்டதற்காக இல்லை நான் பேசாமல் இருந்தது. அன்று சாயங்காலம் செத்த மீன்களை முழங்கால் வரைக்கும் குவித்துப்போட்டு நாங்கள் நின்றபோது, நீ மிதவை அறைக்குள் உட்கார்ந்து பதிவுகளை நகல் எடுத்தாய். எடுத்து முடித்ததும் ஆறு மணிப் படகில் ஏறிப் போனாய். அப்புறம் மூன்று நாள், செத்ததை எல்லாம் அரைத்து அமிலத் தொட்டியில் விட்டோம். உடம்பு நாற்றம் இரண்டு வாரம் போகவில்லை. நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

இதை எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதியாயிற்று.

பேன் எண்ணிக்கை இந்த வாரம் ஏறவில்லை.

யோருன்



டிரொன்ட்ஹைம்
ஜூலை 6

அக்கா,

அன்று நான் மிதவை அறைக்குள் போனது நகல் எடுப்பதற்காக இல்லை. வாந்தி எடுப்பதற்காக. எடுத்த பிறகு வெளியே வர முடியவில்லை. நீ வாளியோடு நின்றது சன்னல் வழியாகத் தெரிந்தது. எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தது கணினி ஒன்றுதான். ஆறு மணிப் படகில் ஏறியது, வேறு வார்த்தை இல்லை, பயந்துதான்.

ஆனால் அந்தப் பதிவுகளை எடுத்து வந்தது நல்லதாகப் போயிற்று. இதை உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று சில மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தில்தான் தைரியம் வருகிறது.

மீன் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. மீன்கள் கூண்டில் வட்டமாகச் சுற்றும். நீ தினமும் பார்க்கிறாய். எதற்காகச் சுற்றுகின்றன? வலையில் மோதாமல் இருக்க, ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க என்று பாடத்தில் படித்தோம். நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். குளிர்காலம் முழுக்க அன்றைய எண்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஆறு மீட்டர் பாவாடைக்குள்ளே இருந்த தண்ணீர் ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர். அவ்வளவு மீனும் அதைக் குடித்து மூச்சுவிட்டால் எவ்வளவு நேரத்தில் அதிலுள்ள ஆக்சிஜன் காலியாக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். காலை எட்டு மணிக்கே எல்லாம் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. பதினொரு மணி வரை ஒன்றுமே ஆகவில்லை. அப்படியென்றால் தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது. கடல் தள்ளவில்லை, அன்று நீரோட்டமே இல்லை. யார் தள்ளினார்கள்?

மீன்கள்தான், அக்கா. அத்தனை மீனும் ஒரே பக்கமாகச் சுற்றும்போது தண்ணீரும் சேர்ந்து சுற்றுகிறது. சுற்றும் தண்ணீர் ஓரத்துக்கு ஒதுங்கி, பாவாடையை ஒட்டிக் கீழே இறங்கி வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, கூண்டின் நடுவில், அடியிலிருந்து புதுத் தண்ணீர் மேலே ஏறுகிறது. வாளியில் தண்ணீரைக் கையால் சுழற்றிப் பார், ஓரம் உயர்ந்து நடு பள்ளமாகும். அதே விஷயம்தான், ஐம்பது மீட்டர் அகலத்தில். எந்த மீனுக்கும் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது. ஆனால் எல்லாம் சேர்ந்து கடலை உள்ளே இழுத்து மூச்சு விடுகின்றன. இதைக் கண்டுகொண்ட அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்து, அறைக்குள்ளேயே அரைமணி நேரம் நடந்தேன். பதினைந்து வருடம் மீனைப் படித்தவன் நான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பதினொரு மணிக்கு என்ன நடந்தது? நான் கேமரா பொருத்திய ரோபோவைக் கூண்டுக்குள் இறக்கினேன். கட்டுரைக்கு நல்ல படம் வேண்டும் என்று. நடுவில் கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். மீன்கள் மிரண்டு வட்டத்தை விட்டு மூலைக்கு மூலை சிதறின. படத்திலேயே தெரிகிறது. ஆக்சிஜன் விழ ஆரம்பித்ததும் அப்போதுதான். ரோபோதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு நிரூபிக்க முடியாது; மேலே மழைத் தண்ணீரின் அடுக்கு வேறு இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும்.

மானியைத் தப்பான இடத்தில் வைத்தது மட்டும் இல்லை. நான் அவற்றின் மூச்சைக் கெடுத்தேன்.

இதை உங்கள் பண்ணை நிறுவனத்துக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும்.

சிந்த்ரே



டிரொன்ட்ஹைம்
ஜூலை 25

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பதில் எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. இது வேலை விஷயம்.

வானிலைப் படத்தைப் பார்த்தேன். ஆகஸ்டு முதல் வாரம் உங்கள் பக்கம் கனமழை, பிறகு காற்றில்லாத வெயில் நாட்கள். மழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் வந்து கடல்மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது, இரண்டும் கலக்காது. இரண்டுக்கும் இடையிலான எல்லை பாவாடையின் அடி விளிம்புக்கு நேராக வந்து நின்றால் அடியிலிருந்து தண்ணீர் ஏறுவது சிரமம். அந்த நாளில் ஓதத்தின் ஏற்ற இறக்கமும் மெலிந்திருந்தால், மீன்களின் வேலையைத் தவிர வேறு எதுவும் காப்பாற்றாது. ஒன்பதாம் தேதியை ஒட்டி அப்படி வரலாம்.

அன்று கூண்டுக்குள் எதையும் இறக்காதே. படகு எஞ்சின்களை அணைத்துவிடு. நடைபாலத்தில் ஆள் நடப்பதுகூட வேண்டாம். வட்டம் கலையக்கூடாது. மற்றபடி ஐம்பது என்று எழுதினேனே, அது அப்படியேதான்.

சிந்த்ரே



ஸ்கார்வோய்
ஆகஸ்டு 11

சிந்த்ரே,

ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. ஆரம்பத்தில் கோபம்தான். அந்த ரோபோவை இறக்கும்போது கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். 'மெதுவா இறக்குடா, வலையில மாட்டிக்கப் போகுது' என்று சொன்னவளும் நான். வலையைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று முன்தினம் ஒன்பதாம் தேதி. நீ சொன்னபடியே வந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இடையில் ஏதாவது விட்டுப்போனால் மன்னி.

ஐந்து நாள் மழை. அப்புறம் இரண்டு நாள் வெயில். ஒன்பதாம் தேதி காலை கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. ஆற்றிலிருந்து வந்த பழுப்புத் தண்ணீர் தீவைச் சுற்றி நின்றது. காலை எட்டு மணிக்கு நடு மானி எழுபத்தொன்பது. பத்தரைக்கு எழுபது. பன்னிரண்டுக்கு அறுபத்தொன்று. தீனிக் குழாயை நிறுத்தினேன். மற்ற கூண்டுகளில் இருந்த ஆட்களைத் திரும்ப வரச் சொன்னேன். எல்லா எஞ்சினையும் அணைத்தோம். எனக்கு அந்தப் பண்ணையில் இவ்வளவு நிசப்தம் ஞாபகமே இல்லை. கடற்காகங்கள் தண்ணீரில் காலை உதைக்கும் சத்தம் கேட்டது.

ஒன்றேகாலுக்கு எங்கள் மேலதிகாரி ரூனார் விருந்தாளிகளோடு வேகப்படகில் வந்துகொண்டிருந்தார். ஜப்பானிலிருந்து மீன் வாங்குகிறவர்களாம். வானொலியில் கூப்பிட்டேன்.

"ரூனார், அங்கேயே நில்லுங்க. எஞ்சினை அணைச்சிடுங்க."

"யோருன், விருந்தாளிங்க இருக்காங்க. மத்தியானச் சாப்பாடு மிதவையில ஏற்பாடு பண்ணியாச்சு."

"சாப்பாடு ஆறட்டும். ஆக்சிஜன் அம்பத்தஞ்சுல நிக்குது."

"எவ்ளோ நேரம்?"

"மீனைத்தான் கேக்கணும்."

அப்புறம், "சரி, மிதக்கிறோம்" என்றார். அறுநூறு மீட்டர் தள்ளி மிதந்துகொண்டே நின்றார்கள். யாரும் கை அசைக்கவில்லை.

பாவாடையைத் தூக்க ஆறு நிமிடம் ஆகும். விளிம்புக் கயிறுகளை வெட்டினால் ஒரு நிமிடத்தில் ஒரு பக்கம் சரியும். ரிமாஸ் கத்தியோடு கயிற்றுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், மானியின் திரை அவன் மடியில். வெட்டினால் மூச்சு கிடைக்கும். ஆனால் அந்த மேல் தண்ணீர் முழுக்கப் பேன் குஞ்சு. காலையில் ஒரு ஜாடி அள்ளிப் பார்த்தோம், உப்பைத் தூவின மாதிரி இருந்தது. அது உள்ளே வந்தால் இரண்டு வாரத்தில் சட்டக் கணக்கைத் தாண்டிவிடும், அப்புறம் வெந்நீர், அந்தச் செவுளோடு. இரண்டு பக்கமும் சாவு.

நான் அடியில் கண்ணாடி பதித்த வாளியை எடுத்துக்கொண்டு, கூண்டின் நடுவரை போகும் நடைபாலத்தில் மெல்ல ஊர்ந்து போய்க் குப்புறப் படுத்தேன். வாளியைத் தண்ணீரில் அழுத்தி, முகத்தை உள்ளே வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன், சிந்த்ரே. அப்படிப் படுத்துப் பார்த்ததே இல்லை. நேரம் எங்கே இருக்கிறது?

முதலில் பழுப்புத் தண்ணீர்தான். கண் பழகியதும் மீன் தெரிந்தது. ஒன்று இல்லை, பத்து இல்லை. ஒரு சுவர். வெள்ளிச் சுவர் ஒன்று இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. கண்ணுக்கு எட்டிய ஆழம் வரைக்கும் மீன். எல்லாம் ஒரே பக்கம், ஒரே சாய்வு, ஒரே வேகம். ஒன்றோடொன்று முட்டவில்லை. போன வருடம் மேலே வந்து வாயைத் திறந்த மீன்கள் மாதிரி ஒன்றுகூட இல்லை. மூச்சு முட்ட முட்ட அவை இன்னும் நெருங்கி, இன்னும் வேகமாகச் சுற்றின. கோயில் மாதிரி இருந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். சர்ச்சில் ஆராதனைக்கு எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்கும்போது ஒரு சத்தம் வருமே, துணி உரசும் சத்தம், அந்த மாதிரி ஒன்று கேட்டது. நிஜமாகவே கேட்டதா தெரியாது.

"யோருன், அம்பது" என்றான் ரிமாஸ்.

நான் தலையைத் தூக்கவில்லை. வட்டத்தின் நடுவில் மீன் இல்லாத ஓர் இடம் இருந்தது, கிணறு மாதிரி. அதைப் பார்க்க வாளியை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"நாப்பத்தொம்பது. கத்தியை எடுக்கட்டுமா?"

அப்போது அதைப் பார்த்தேன். கிணற்றுக்குள்ளே, அடியிலிருந்து, கண்ணாடி மணி மாதிரி சின்னச் சின்னச் சொறிமீன்கள். நம் பக்கத்துச் சீப்புச் சொறிமீன், ஜெல்லி உடம்பின் ஓரத்தில் வானவில் ஓடுமே, அதுதான். அவற்றுக்குத் தண்ணீரை எதிர்த்து நீந்தத் தெரியாது. தண்ணீர் போகிற இடத்துக்குப் போகும். அவை மேலே வந்துகொண்டிருந்தன. மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக. ஆழ்கடல் தண்ணீரில் இருக்கிறவை அவை. மழைத் தண்ணீரின் எல்லையைத் தாண்டி, பாவாடைக்கு அடியில் நுழைந்து, நடுவழியாக ஏறி வருகின்றன. நீ தாளில் எழுதியது என் கண்முன்னே ஏறி வந்தது.

"பொறு" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன வார்த்தை என்று காதில் விழுந்தது. போன வருடம் நீ சொன்ன அதே வார்த்தை. ஆனால் திரும்பவும் சொன்னேன். "பொறு ரிமாஸ்."

"நாப்பத்தெட்டு."

நான் சொறிமீன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பத்தெட்டு." கொஞ்ச நேரம் கழித்து, "நாப்பத்தெட்டேதான்." அவன் குரல் மாறியது. "யோருன், யார் என்ன சொன்னாலும் சரி, வெட்டிடவா? உனக்காகச் சொல்றேன். நாளைக்கு உன் தலைதான் உருளும்."

"இன்னும் ரெண்டு நிமிஷம். ஒரு புள்ளி இறங்கினா வெட்டு. என்னைக் கேக்காத."

ஒரு புள்ளி இறங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சொறிமீன்கள் வந்துகொண்டே இருந்தன. நூற்றுக்கணக்கில். ஒரு கூட்டம் மேல்மட்டத்துக்கே வந்து வெயிலில் மின்னியது.

"நாப்பத்தொம்பது" என்றான் ரிமாஸ். அப்புறம் அவன் பாஷையில் ஏதோ சொன்னான். அப்புறம், "அம்பத்தொண்ணு."

இரண்டரைக்கு ஐம்பத்தாறு. மூன்றே முக்காலுக்கு நீரோட்டம் லேசாக வந்தது, ஐந்துக்குள் எழுபத்திரண்டு. ரூனாரின் படகு நான்கு மணிக்கு வந்து சேர்ந்தது. விருந்தாளிகளில் வயதான ஒருவர் மிதவையில் ஏறியதும் கூண்டைப் பார்த்துக் குனிந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ரூனார் மொழிபெயர்ப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

மொத்தம் அறுபத்து மூன்று மீன் செத்தது. எல்லாம் ஏற்கெனவே செவுள் கெட்டவை. இன்று காலை பேன் எண்ணினோம்: பத்து மீனுக்கு ஒன்று.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. நீ ஐம்பது என்றாய், நான் நாற்பத்தெட்டு வரைக்கும் விட்டேன். அந்த ஒரு புள்ளி இறங்கியிருந்தால் இன்று நான் யாருக்கும் கடிதம் எழுதாமல் எங்காவது ஒளிந்துகொண்டிருப்பேன். என் மானி உள்ளே இருந்தது, உன்னுடையது வெளியே இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனாலும் அவ்வளவுதான்.

'மன்னித்துவிட்டேன்' என்று எழுத உட்கார்ந்தேன். கை எழுதவில்லை. பொய் எழுத எனக்கு வராது. ஆனால் ஒன்று தோன்றுகிறது. அந்த மூச்சை நீதான் முதலில் கண்டுபிடித்தாய், ஆனால் நான்தான் பார்த்தேன். இது நியாயமில்லை. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

யோருன்



ஸ்கார்வோய், உன் சமையலறை மேசை
ஆகஸ்டு 24

அக்கா,

நீ நிறுவனக் கூட்டத்துக்கு நகரத்துக்குப் போயிருப்பதாக ரிமாஸ் சொன்னான். நாளை சாயங்காலம்தான் வருவாயாம். சாவி எங்கே இருக்கும் என்று தெரியும், ஆனாலும் அவனைக் கேட்டுத்தான் திறந்தேன். ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தை நீ வந்ததும் படிப்பாய்; நான் எதிரே உட்கார்ந்திருக்கலாம், அப்படியும் படி. பேசினால் இதைச் சரியாகச் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் ரிமாஸ் என்னைக் கூண்டுக்குக் கூட்டிப்போனான். துடுப்பு போட்டுத்தான், எஞ்சின் வேண்டாம் என்றான். "வாத்தியாரே, இந்தத் தடவை ரோபோ பெட்டி எதுவும் கொண்டு வரலையே?" என்று பையைத் தடவிப் பார்த்தான். சாக்லேட் மட்டும் இருந்தது. எடுத்துக்கொண்டான்.

நடைபாலத்தில் அவனுடைய எண்ணெய்ச் சட்டையை விரித்துக் குப்புறப் படுத்தேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் வாளிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ எழுதிய சுவரைப் பார்த்தேன். சொறிமீன் ஒன்றிரண்டைப் பார்த்தேன். ஆக்சிஜன் எண்பத்து மூன்று; ஆபத்து எதுவும் இல்லை. எண்களில் இவற்றுக்குக் கண் இல்லை, அக்கா. இங்கே ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது. சுற்றிவரும்போது ஒவ்வொன்றும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.

"போன வருஷம் நீ போனப்புறம் யோருன் என்ன பண்ணிச்சு தெரியுமா?" என்று ரிமாஸ் திடீரென்று கேட்டான்.

"தெரியாது."

"எல்லாத்தையும் அள்ளி முடிச்சப்புறம் இதே இடத்துல உக்காந்து அழுதுச்சு. மீனுக்காகத்தான் அழுவுதுன்னு நெனச்சேன். 'அவன் தனியா எப்படித் தாங்குவான்'னு கேட்டுச்சு."

உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொன்னான். சொல்லிவிட்டேன்.

மூன்றரை மணிக்கு நான் எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தபோது ரிமாஸ் என் தோளை அழுத்தினான். "இரு. ஓதம் மாறப்போகுது. இதைப் பாத்துட்டு எந்திரி."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வலையின் ஒரு பக்கம் லேசாக உப்பியது. பாவாடையின் அடிக்குக் கீழே நீரோட்டம் புகுந்து வலையைத் தள்ளுகிறது. வட்டத்தின் அந்தப் பக்கம் வந்த மீன்கள் தயங்கின. எதிர்த்து நீந்தும்போது மெதுவாக, கூடவே போகும்போது வேகமாக. வட்டம் முட்டை வடிவமானது. பிறகு ஆழத்தில் இருந்த ஒரு மீன் திரும்பவில்லை. சுற்ற வேண்டிய இடத்தில் நின்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. அடியிலிருந்து மேலாக, வரிசை வரிசையாக, வட்டம் கரைந்தது. யாரும் கட்டளை இடவில்லை. கால் மணி நேரத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் மீனும் தலையை வடமேற்கே வைத்து, வால் மட்டும் ஆட, இருந்த இடத்தில் நின்றன. அந்தப் பக்கம்தான் திறந்த கடல். அங்கிருந்துதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சுற்ற வேண்டிய அவசியம் முடிந்துவிட்டது, கடலே வந்துவிட்டது.

இதைப் பற்றி மூன்று கட்டுரைகளில் படித்திருக்கிறேன். ஒன்றில் படமும் உண்டு. நான் வாளியிலிருந்து முகத்தை எடுத்தபோது முகம் முழுக்க உப்புத் தண்ணீர். ரிமாஸும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடுப்பு இரண்டு வாரம் எடுத்திருக்கிறேன். மாடி அறையில் படுக்கை விரித்துவிட்டேன். திங்கட்கிழமை வலை கழுவுகிறீர்களாம், ஆள் குறைவு என்றான் ரிமாஸ். எனக்குத் தெரியாத வேலைதான். வாளியைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன்.

தம்பி